புதன்கிழமைக்குள் வந்து சேரவும்

எம்.ரெட்டியபட்டி,
திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணி.

தூத்துக்குடியில் மனைவி மக்களோடு ஆண்டவர் கிருபையால் சுகமாயிருக்கும் மைத்துனர் ஏசுவடியான் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரும் உங்கள் அக்காள் ஞானப்பூவின் கணவனுமாகிய ஞானராஜ் வந்தனத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்காள் சுகம். மகள் ஜெப ஷீலா சுகம். ஆடு இரண்டும் சுகம். எனக்கு முழங்கால் சுகமில்லை, மனசு அதைவிடச் சுகமில்லை, அந்த மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நான் போனை எடுத்தால் உங்கள் அக்காள் அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, நான் பேச வேண்டியதையும் அவளே பேசிவிடுகிறாள். அதனால் முப்பத்தோரு வருஷம் எனக்குச் சோறு போட்ட தபாலையே நம்புகிறேன்.

மாப்பிள்ளை, விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெப ஷீலா என்ஜினியரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கலந்தாய்வுக்கு எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டு உறுதி செய்ய வேண்டிய கடைசி நேரம் புதன்கிழமை மாலை ஐந்து மணி. அதன்பிறகு யார் நினைத்தாலும் மாற்ற முடியாது. நீங்கள் தாய்மாமன். பிள்ளை பிறந்தபோது முதல் சட்டை எடுத்து வந்தவர். உங்கள் பேச்சைத் தட்ட மாட்டாள். புதன்கிழமைக்குள் வந்து, "பி.காம். படித்துவிட்டு அப்பாவைப் போல ஒரு மேஜை நாற்காலியில் உட்காரு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டையில் இறங்கி பஸ்ஸிலேயே வாருங்கள். தனுஷ்கோடியின் ஷேர் ஆட்டோவில் மட்டும் தயவுசெய்து ஏறாதீர்கள். ஏன் என்பது கீழே.

தனுஷ்கோடி எங்கள் எதிர்வீட்டுக்காரன், உங்களுக்குத் தெரியும். அவன் மகள் சத்யபிரியா என்ஜினியர். மெக்கானிக்கல். அவன் ஆட்டோவின் பின்பக்கம் முன்பு குலசாமி பெயர் இருந்தது. இப்போது 'பொறியாளர் சத்யபிரியாவின் தந்தை' என்று மஞ்சள் எழுத்தில் இருக்கிறது. ஆட்டோவில் ஏறுகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்பதற்கு முன்பாக, "எம் பொண்ணு கட்-ஆஃப் நூத்தி எண்பத்திரண்டரை, தெரியுமா" என்கிறான். அது நடந்து பத்து வருஷம் ஆகிறது. கட்-ஆஃப் இன்னும் பழசாகவில்லை. என்னிடமும் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது, அதன் பின்னால் நான் என்ன எழுதுவது?

ஒரு படிப்புக்கு ஒரு வேலை என்றுதானே நாம் பார்த்திருக்கிறோம். டாக்டர் ஊசி போடுவார், வக்கீல் கோர்ட்டுக்குப் போவார். இந்தப் பெண் முதலில் கோயம்புத்தூரில் தண்ணீர் பம்பு செய்தாள். சரி, போகட்டும் என்று இருந்தேன். அங்கிருந்து சென்னைக்குப் போய் காருக்கு பிரேக் செய்தாள். பிறகு ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறுகிறவர்களுக்கு வைக்கும் மெஷின் செய்யும் கம்பெனிக்குப் போனாள். இப்போது வீட்டுக்கே வந்துவிட்டாள். வேலை போய்விட்டதாக்கும் என்று நான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தேன், பொய் சொல்வானேன். பார்த்தால் எங்கோ ஒரு காற்றாலைக் கம்பெனிக்கு இங்கிருந்தே வேலை பார்க்கிறாளாம். கயத்தாறு பக்கம் சுற்றும் காற்றாடிக்கு உடம்பு சரியில்லை என்றால் ரெட்டியபட்டியில் நைட்டியோடு உட்கார்ந்து இவள் கண்டுபிடிக்கிறாள். ஒரே படிப்பு, நாலு வேலை. நானும் நாலு இடம் பார்த்தவன்தான் மாப்பிள்ளை. திருச்சுழி, காரியாபட்டி, மல்லாங்கிணறு, ரெட்டியபட்டி. நாலு ஊரிலும் ஒரே முத்திரையை ஒரே மாதிரி குத்தினேன். ஊர்ப் பெயர் மட்டும் மாறியது.

அவள் காற்றாலையோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு வந்துவிட்டாள். தொட்டியை நிரப்பும் மேலத் தெருக் கிணற்று மோட்டார் தண்ணீர் இழுக்காமல் போகும்போதெல்லாம் பெண்கள் என் வாசலுக்குத்தான் வருவார்கள், கலெக்டருக்கு மனு எழுத. ஆறு வருஷத்தில் பதினாலு மனு எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் படித்துக் காட்டும்போது பெண்கள் கண் கலங்குவார்கள். பதினைந்தாவது மனுவை நாலு பக்கத்துக்கு எழுதி, 'நாவறண்டு நிற்கும் எங்கள்' என்ற இடத்தில் பேனாவுக்கு மை போட எழுந்தேன். வெளியே சத்தம். என்ன என்று பார்த்தால் தண்ணீர் வருகிறது. சத்யபிரியா போய் குழாய் இணைப்பைத் தடவிப் பார்த்து, "இங்கன காத்து இழுக்குது, வாஷர் போயிருச்சு" என்று சொல்லி ஒரு ரப்பர் வளையத்தை மாற்றினாளாம். ஜனங்களுக்குத் தண்ணீர் கிடைத்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. ஒரு வாரம் கழித்துக் கிடைத்திருக்கலாம். அன்று முதல் என் வாசலில் கிடந்த செருப்பெல்லாம் எதிர் வாசலில் கிடக்கிறது. நான் காலையில் பல் துலக்கும்போது எண்ணுகிறேன். நேற்று பதினொரு ஜோடி. என் வாசலில் ஒரு ஜோடி, அதுவும் என்னுடையது.

இதையும் பொறுத்துக்கொண்டேன். அசனப் பண்டிகையில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஊரே உட்கார்ந்து சாப்பிடும் நம் சபை அசனத்தில் பத்தொன்பது வருஷமாகப் பந்திப் பொறுப்பு என்னுடையது என்பதும், போதகர் ஐயா ஜெபித்து முடித்ததும் சோற்று அண்டாவில் முதல் கரண்டி போடுகிறவன் நான்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் எழுநூறு பேருக்குத் தேங்காய் மசாலா அரைக்க ஆலய மண்டபத்துக்குப் பெரிய கிரைண்டர் ஒன்று புதிதாக வாங்கினோம். மூன்று பேஸ் கரண்டில் ஓடுவது. சத்யபிரியாவைக் கூப்பிடலாம் என்று கமிட்டியில் சொன்னார்கள். நான் விடவில்லை. "அசனத்துக்கு எதுக்கு எஞ்சினியரு? சுச்சப் போட்டா ஓடப் போகுது" என்று சொல்லி, எலக்ட்ரீஷியனுக்குக்கூட ஆள் அனுப்பாமல், வயரை நானே மாட்டினேன். மூன்று துளை, மூன்று வயர், இதில் என்ன படிப்பு வேண்டியிருக்கிறது? சுவிட்சைப் போட்டதும் கல் பிரமாதமாகச் சுற்றியது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அரை மணி நேரம் சுற்றியும் தேங்காய் அரைபடவில்லை. உள்ளே போட்டதையெல்லாம் சுவரிலும், சுவருக்கும் கிரைண்டருக்கும் நடுவில் நின்ற என் வெள்ளைச் சட்டையிலும் அள்ளி அப்பியது. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெப ஷீலா பின்னால் வந்து, "அப்பா, கல்லு எதிர்ப்பக்கமாச் சுத்துதுப்பா" என்றாள். "பெரியவுக பேசுற எடத்துல ஒனக்கென்ன வேல? போயி வெங்காயம் உரி" என்று அனுப்பிவிட்டேன். அதற்குள் யாரோ எதிர்வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். சத்யபிரியா வந்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். "அய்யா, மோட்டார்ல ஒரு கொறையும் இல்ல, நல்ல மோட்டாரு. தப்பான பக்கம் சுத்துது, அவ்வளவுதான்" என்றாள். மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றிப் போட்டதும் கால் மணி நேரத்தில் மசாலா வெண்ணெய் மாதிரி வழிந்தது. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது கோபித்துக்கொள்ள எனக்கு ஒரு வழி இருந்திருக்கும்.

ஜெபம் முடிந்தது. நான் சட்டையில் காய்ந்த தேங்காயோடு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் தயாராக நின்றேன். போதகர் ஐயா கரண்டியை எடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "இந்த வருஷம் முதக் கரண்டிய நம்ம சத்யபிரியா போடட்டும்" என்றார். நம்ம சபைப் பெண்கூட இல்லை மாப்பிள்ளை. தனுஷ்கோடி வாசலோரம் நின்று பல் தெரியச் சிரித்தான். எனக்கு நாலாம் பந்தியில்தான் சாப்பிட மனசு வந்தது. இலையில் கறி இல்லை. உருளைக்கிழங்குதான் விழுந்தது. அந்த மசாலா நன்றாக இருந்தது என்பதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம்.

வீட்டுக்கு வந்தால் ஜெப ஷீலா கை கழுவாமல் நிற்கிறாள். "அப்பா, நான் மெக்கானிக்கல் எடுக்கப் போறேன்" என்கிறாள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு அந்தக் கிரீசும் மண்ணும்? ஆபீஸ்ல நெழல்ல ஒக்காந்து வேல பாக்கலாம்ல" என்றேன். "நீங்க நெழல்லதான இருந்தீக, எப்பவாச்சும் வேலை புடிச்சிருக்குன்னு சொல்லிருக்கீகளா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து மூன்று நாளாக அதற்கு ஒரு பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பொறாமை என்று உங்கள் அக்காள் தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஆமாம், பொறாமைதான். அதற்கென்ன இப்போது? என்ஜினியரிங் படிப்பு நாட்டுக்கு நல்லதாகவே இருக்கட்டும். என் வீட்டுக்கு வேண்டாம். ஆகவே வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டு, புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து பிள்ளையின் மனசை மாற்றிவிடுங்கள்.

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உப்புக் காற்றில் கதவுக் கீல் துருப்பிடித்ததாகச் சொன்னீர்களே, தேங்காய் எண்ணெய் விடுங்கள். ஆண்டவர் உங்கள் வீட்டையும் வாசலையும் வாசலுக்கு வருகிறவர்களையும் ஆசீர்வதித்து, செருப்பு குறையாமல் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்
தே. ஞானராஜ்
போஸ்ட்மாஸ்டர் (ஓய்வு)

பின்குறிப்பு, அதே நாள் மாலை நாலரை மணி: ஒன்றை மறைத்துவிட்டேன். போதகர் ஐயா நீட்டிய கரண்டியை சத்யபிரியா வாங்கவில்லை. "நான் வர்றதுக்கு முன்னாடியே ஷீலாதான் கண்டுபிடிச்சா. வயரையும் அவதான் மாத்துனா, நான் சும்மா பக்கத்துல நின்னேன். அவ போடட்டும்" என்றாள். முதல் கரண்டி போட்டது நம் பிள்ளை. அண்டாப் புகை என் கண்ணில் பட்டுவிட்டது, அதனால் சரியாகப் பார்க்கவில்லை. அதைத்தான் மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஊரில் தபால் பை மூன்று மணிக்கு வண்டி ஏறிவிடும். காலையில் எழுதி முடித்த கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பை போகிற வரைக்கும் ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இப்போது பெட்டியில் போடப்போகிறேன். நாளை மூன்று மணிக்குக் கிளம்பும், வியாழக்கிழமை மத்தியானம் உங்கள் கையில் கிடைக்கும். முப்பத்தோரு வருஷக் கணக்கு, தப்பாது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பச் சொல்லி உங்கள் அக்காள் சொன்னாள். சாதாத் தபால் போதும் என்றுவிட்டேன். ஊரெல்லாம் என்ஜினியரிங் கூடாது என்று பேசிவிட்டு நானே போய் எப்படிச் சரி என்று சொல்வது? தாய்மாமனுக்கு எழுதினேன், வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் வந்து, கடிதம் பிந்திக் கிடைத்தது என்று நாலு பேர் முன்னால் கொஞ்சம் சத்தம் போடுங்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வர வேண்டாம். தனுஷ்கோடி ஆட்டோவிலேயே, முன் சீட்டில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள். ஜெப ஷீலாவின் கட்-ஆஃப் நூற்று எண்பத்து நாலு. ஊர் வந்து சேர்வதற்குள் அவன் காதில் விழும்படி இரண்டு தடவையாவது சொல்லிவிடுங்கள், மாப்பிள்ளை. நானாகச் சொன்னால் நன்றாக இருக்காது.