அருந்ததிக்கு எதிரே ஒரு கம்பம்

கஜபதி கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு அண்ணாந்து பார்த்தார். இடது கண்ணை மூடிப் பார்த்தார். வலது கண்ணை மூடிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டும் பார்த்தார். வாசலுக்கு எதிரே அன்று காலையில்தான் நட்ட கம்பத்தின் உச்சியில் சோடியம் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே வானம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

"வர்ணம்! அருந்ததியைக் காணோம்டி!"

உள்ளே தட்டு வைத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் வாசலுக்கு வந்து நின்றாள்.

"இவ்ளோ பெரிய லைட்டு எரிஞ்சா எப்படிங்க தெரியும்? யாருக்கும்தான் தெரியாது. வந்து சாப்பிடுங்க."

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். கஜபதிக்குச் சோறு இறங்கவில்லை.

வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவாக நிற்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டிக்கொண்டு, கண்ணை இடுக்கினால் மட்டுமே தெரிகிற பொடி நட்சத்திரம் அவர் மனைவி அருந்ததி. கஜபதியின் கல்யாணத்தில் ஐயர் பட்டப்பகலில் பந்தல் இடுக்கு வழியாகக் கையைக் காட்டி, "தெரியுதா?" என்று கேட்டார். மாப்பிள்ளை "தெரியுது" என்றார். பெண்ணும் தலையாட்டினாள். புருஷனும் பெண்டாட்டியுமாக அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் பொய் அது. அந்தப் பாவத்தைக் கழிக்கவோ என்னவோ, ஆவடியில் பேக்டரி வேலை கிடைத்துக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்ததிலிருந்து, கோடை பிறந்துவிட்டால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இருவரும் வாசலில் நின்று நிஜமாகவே அருந்ததி பார்ப்பார்கள். "தெரியுதா?" என்பார் அவர். "தெரியுது" என்பாள் அவள். அதன் பிறகுதான் சோறு.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அருந்ததி தெரியாமல் போனவனுக்கு ஆறு மாசம்தான் ஆயுசு என்பார்கள். கஜபதியின் அப்பா ஒரு சித்திரையில் "என்னடா, மங்கலா இருக்கு" என்றார். ஐப்பசியில் பாடை கட்டினார்கள். அவருக்கு முற்றிய காமாலை என்று வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதைக் கஜபதி கணக்கிலேயே சேர்த்ததில்லை.

இதுவும் சித்திரை. தீபாவளி அதிரசத்தைத் தின்றுவிட்டுப் போவோமா, அதற்கு முன்னாலேயேவா என்று விரல்விட்டுப் பார்த்தார். சாவு பயம் பாதிதான். மீதிப் பாதி பஞ்சவர்ணத்தைப் பற்றியது. பிள்ளை குட்டி இல்லை. பாங்கியில் கையெழுத்துப் போடச் சொன்னால் இவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். கேஸ் சிலிண்டர் மாற்றப் பயம். தனியாக மாம்பலம்வரைகூடப் போனதில்லை. இவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

மறுநாளே எஸ்டேட் ஆபீசில் சூப்பர்வைசர் உலகநாதன் முன்னால் போய் நின்றார். லேத் மிஷினில் நூலிழை பிசகாமல் இரும்பு கடைகிற மனுஷன், நட்சத்திரம் தெரியவில்லை, செத்துப்போவேன் என்று எப்படிச் சொல்வார்? வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"பூச்சி சார். லைட்டுக்கு வர்ற ஈசல் எல்லாம் சாம்பார்ல விழுது. அதைக் கழட்டிட்டா தேவலை."

உலகநாதன் யோசித்தார். அவர் யோசித்தாலே ஆபத்து.

"கழட்டுறதா? கவர்மெண்ட் லைட்டுய்யா! ஒண்ணு பண்றேன். எதிர்ல இன்னொரு கம்பம் போட்டுடறேன். ஈசல் பாதி அந்தப் பக்கம் போயிடும்."

சொன்ன சொல் தவறாத மனுஷன். அந்த வாரமே இரண்டாவது விளக்கு எரிந்தது. ஈசல் இரண்டு பங்காக வந்தது.

பஞ்சவர்ணம் இப்போதெல்லாம் அரைக் கரண்டி சோற்றோடு எழுந்துவிட்டாள். கேட்டால், "பசிக்கலைங்க" என்றாள். ரவிக்கையை எல்லாம் பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தனக்காகத்தான் விரதம் இருக்கிறாள் என்று கஜபதிக்குப் புரிந்தது. மனசு உருகிப்போனார். இந்தப் பெண்ணைத் தாலி இழக்க விடக்கூடாது என்று முடிவு செய்து, மொட்டை மாடியில் நின்றபடி துணி உலர்த்தும் மூங்கிலால் ஒரு கோணிப்பையைத் தூக்கி முதல் விளக்கின்மேல் கவிழ்த்தார். வானத்தில் அந்த மூலை கொஞ்சம் கறுத்தது. ஆசையாக அண்ணாந்தார்.

கோணி புகைய ஆரம்பித்தது.

"அண்ணே! லைட்டு பத்திக்கினு எரியுது!" என்று பக்கத்து வீட்டு ஜமீலா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. லைன்மேன் துலுக்கானம் ஓடிவந்து ஃபியூஸைப் பிடுங்கினான். தெரு முழுக்க இருட்டு! மாடியிலிருந்து இறங்கிக் கூட்டத்தோடு நின்றிருந்த கஜபதி, இதுதான் சமயம் என்று நிமிர்ந்தார். ஜமீலாவின் புருஷன் நேராக அவர் முகத்தில் டார்ச் அடித்தார்.

"யார் அண்ணே கோணி போட்டது?"

"எவனோ... எவனோ ஒருத்தன் ஓடினான்."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இங்கே நட்சத்திரம் கிடைக்கவில்லை. திருடன் நடமாட்டம் என்று ஊர் முழுக்கப் புரளி கிளம்பி, இனி ஒவ்வொரு வீட்டிலும் வாசல் பல்பு விடிய விடிய எரிய வேண்டும் என்று தீர்மானம் ஆனது. குவார்ட்டர்ஸ் தெரு மாரியம்மன் கோயில் திருவிழா மாதிரி ஜொலித்தது.

கூட்டம் கலைந்த பிறகு துலுக்கானம் கருகிய கோணியைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"சார், இது உங்க ஊட்டு ரேஷன் கோணி மாதிரி கீதே."

கஜபதிக்கு வேறு வழியில்லை. அருந்ததி, அப்பா, ஐப்பசி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நான் போயிட்டா அவ என்னப்பா பண்ணுவா?" என்று கேட்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துலுக்கானம் சிரிக்கவில்லை. அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"லைட்டு மேல கை வெச்சா என் வேல பூடும் சார். நீங்க வேணா வெள்ளானூர் தாண்டிப் போய்ப் பாருங்க. அங்க இன்னும் கம்பமே வர்ல" என்றான். "அம்மாவ இட்டுகினு போவாதீங்க. நீங்க மட்டும் போங்க."

கேட்பாரா? கல்யாணமானதிலிருந்து ஒருநாளும் அவளில்லாமல் அருந்ததி பார்த்ததில்லையே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கிளம்பச் சொன்னார்.

"எனக்கு முட்டி வலிக்குதுங்க. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, போதும்."

"ரெண்டு பேரும்தான்."

"டி.வி.ல படம் போடுவான்."

"படமாடி முக்கியம்? என் உயிரு போவுது!"

அவள் எழுந்து உள்ளே போனாள். புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

வெள்ளானூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மனைக்கல் நட்டிருந்த புதிய பிளாட்டுகளைத் தாண்டி நடந்தார்கள். பாதி வழியில் மூச்சு வாங்குகிறது என்று அவள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டாள். விரத உடம்பு, என்ன செய்யும் பாவம் என்று கஜபதி விசிறிவிட்டார். பிறகு கைத்தாங்கலாக அழைத்துப்போய்க் களத்துமேட்டில் நிறுத்தி, பயந்து பயந்து தலையை உயர்த்தினார்.

வானம் முழுக்க நட்சத்திரம். ஏழு ரிஷிகளும் வடக்கே வரிசையாக இருந்தார்கள். வாலுக்கு நடுவில் வசிஷ்டர். கஜபதி கண்ணை இடுக்கினார். பக்கத்திலேயே, பொடியாக, கோபித்துக்கொண்டு எங்கேயும் போய்விடாத பெண்டாட்டியாக, அருந்ததி.

"இருக்குடி! வர்ணம், இருக்குடி! எனக்கு ஒண்ணும் ஆவாது!"

வயசை மறந்து களத்துமேட்டில் குதித்தார். செருப்பு ஒன்று கழன்று எங்கேயோ போய் விழுந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க" என்றாள் பஞ்சவர்ணம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்தது.

"உனக்குத் தெரியுதா?"

"தெரியுது. நல்லாத் தெரியுது."

அவர் கையை நீட்டித் திசையைக் காட்டுவதற்குள்ளாகவே சொல்லிவிட்டாள். எத்தனை வருஷப் பழக்கம்!

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். தலை கனமே இல்லாமல் இருந்தது. நாளையிலிருந்து விரதத்தை நிறுத்தச் சொல்லிவிட வேண்டும், தினமும் ஒரு முட்டை, ஞாயிறு தவறாமல் கறி என்று கஜபதி திட்டம் போட்டார். பென்ஷன் வந்ததும் வெள்ளானூரிலேயே ஒரு மனை வாங்கி, வடக்குப் பார்த்த வாசலாக வைத்து வீடு கட்டிவிட்டால், கடைசிவரைக்கும் இருவருமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து வெகுநாளாகிவிட்டது.

காலையில் டீக்கடையில் துலுக்கானத்தைப் பிடித்துக்கொண்டார்.

"உலகநாதன் சாருக்கிட்ட சொல்லிடுப்பா. லைட்டு எவ்ளோ வேணா எரியட்டும். நேத்து பாத்துட்டேன்!"

"அம்மாவும் வந்தாங்களா சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வராம? அவளுக்கும் பளிச்சுனு தெரிஞ்சுதே!"

துலுக்கானம் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டான். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"தெரிஞ்சுட்சா? அப்பாடா, என் வவுத்துல பால வார்த்தீங்க சார்! அந்த மொதக் கம்பம் ரெண்டு ஊடு தள்ளி நட வேண்டியது. பங்குனி மாசம் அம்மாதான் வந்து என் கையப் புட்சிகினு, 'எனக்கு அந்த அருந்ததி மீனு தெரியாமப் பூட்சு தம்பி, தெரியுது தெரியுதுன்னு அவராண்ட தெனம் பொய் சொல்ல முடியல, எங்க ஊட்டு எதுருலயே லைட்டப் போட்டுடு, ரெண்டு பேருக்குமே தெரியாம இருக்கட்டும்'னு அழுவுச்சு!"