ரங்காத்தாளைக் கையாளும் முறை

"மெஷின் பேரை மாத்தோணுமுங்க, கண்ணு," என்று வேலுமணி வந்து நின்றபோது, விஜயராணி கையேட்டை அச்சகத்துக்கு அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்திருந்தாள்.

முதலிபாளையத்தில் வேலுமணியின் பட்டறை. குழாய் குழாயாக வரும் பனியன் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப்போடும் மெஷின் ஒன்றைப் புதிதாகச் செய்திருந்தார்கள். வாரக் கடைசியில் அது கண்காட்சிக்குப் போக வேண்டும். அதற்குக் கையேடு எழுதத்தான் விஜயராணி சாத்தூரிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கண்காட்சி நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம் என்று பேச்சு.

"புதுப் பேரு என்ன சார்?"

"ரங்காத்தாள்."

"யாரு சார் அது?"

"எங்க ஊட்டுல பேருதானுங்க," என்றார் வேலுமணி. மனைவி பேரைச் சொன்னதில் காது மடல் சிவந்துவிட்டது.

எவ்வளவு அன்பு என்று விஜயராணி நெகிழ்ந்துபோனாள். அதோடு, பேரை மாற்றுவது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. பழைய கையேடு கதாகாலட்சேபம் மாதிரி நீண்டு கிடந்தது. அவள் அதைத் துண்டு துண்டாக நறுக்கி டாபிக் டாபிக்காக எழுதியிருந்தாள். ஒரு டாபிக், ஒரு வேலை. எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் அந்தப் பக்கம் மட்டுமே போதும், முன்னே பின்னே புரட்ட வேண்டாம். பொதுவான சங்கதிகளை ஓரிடத்தில் எழுதிவிட்டால் எல்லாப் பக்கங்களும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். மெஷினின் பேரும் அப்படித்தான்.

'டர்னர்' என்று இருந்ததை 'ரங்காத்தாள்' ஆக்கினாள். பேரோடு வேற்றுமை உருபுகளை ஒட்டவைத்தாள். பிறகு வாசித்துப் பார்த்தாள்.

'ரங்காத்தாள் சூடாகிவிட்டால் கிட்டே போகாதீர்கள். தானாக ஆறும்வரை காத்திருங்கள்.'

'ரங்காத்தாளை இடம் மாற்ற நான்கு பேர் தேவை.'

'ரங்காத்தாள் படபடவென்று அதிர்ந்தால் உடனே அணைக்கவும்.'

பின்னால் நின்று எட்டிப் பார்த்த ஃபிட்டர் சோணைமுத்து கேட்டார்: "ஏம்மா, இது மெஷின் புஸ்தகமா, குடும்பப் புஸ்தகமா?"

விஜயராணி முதலாளியிடம் ஓடினாள். "சார், பழைய பேரே இருக்கட்டுமே?"

"அது மட்டும் ஆகாதுங்க. அந்தப் பேரு இல்லீன்னா நான் ஊடு போய்ச் சேர முடியாது."

திரும்பி வந்தாள். "மரியாதை கொறையுதும்மா, அதான் உறுத்துது," என்றார் சோணைமுத்து. சரியென்று பேருக்குப் பின்னால் 'அவர்கள்' சேர்த்தாள்.

'ரங்காத்தாள் அவர்களின் பின்பக்க மூடியைக் கழற்றி எண்ணெய் ஊற்றவும்.'

சோணைமுத்து ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பதற்காக வெளியே போனார்.

'அவர்கள்' போயிற்று. அச்சகத்திலிருந்து போன் மேல் போன். கடைசியில் அவளுக்கு ஓர் அபாரமான யோசனை தோன்றியது. பொதுவான இடத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள். அது ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் போய் உட்கார்ந்துகொண்டது. நிம்மதியாக அச்சுக்கு அனுப்பினாள்.

அச்சாகி வந்த புத்தகத்தைச் சோணைமுத்து உரக்க வாசித்தார்: "கவனிக்க: ரங்காத்தாள் என்பது மெஷின் மட்டுமே. எங்கள் முதலாளி வேலுமணியின் மனைவி அல்ல."

பிறகு பொறுமையாகக் கேட்டார்: "வெளியூர்லருந்து வர்ற ஆளுக்கு முதலாளியம்மா பேரு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது."

"இப்பத் தெரிஞ்சுபோச்சு. எல்லாப் பக்கத்துலயும்."

கண்காட்சியன்று விஜயராணி புத்தகக் கட்டுகளை மேசைக்கு அடியில் தள்ளி, மேலே துணியை இழுத்து மூடினாள். வேலுமணி வந்து, "எங்கீங்க நம்ம புஸ்தகம்?" என்று தேடியெடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே கொடுத்தார். வாங்கியவர்கள் ஆளுக்கொரு பக்கத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டு இன்னும் கூட்டம் சேர்ந்தது. வேறெந்தக் கடையிலும் அவ்வளவு கூட்டமில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக ஓர் அம்மாள் வந்தார். வேலுமணி சட்டென்று மெஷினுக்குப் பின்னால் போய் எதையோ துடைக்க ஆரம்பித்தார். வந்தது யார் என்று விஜயராணிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று மனசு கணக்குப் போட்டது.

ரங்காத்தாள் ஒரு புத்தகத்தை எடுத்து, நடுவில் பிரித்து, மெஷினைப் பார்த்துச் சத்தமாகவே வாசித்தார்:

"ரங்காத்தாளிடம் விடாமல் வேலை வாங்காதீர்கள். இடையிடையே ஓய்வு கொடுங்கள். சிறு முனகல் கேட்டாலும் அலட்சியப்படுத்தாமல் உடனே கவனியுங்கள்."

மெஷினுக்குப் பின்னால் துடைப்பது நின்றது.

"இதை எழுதுனது ஆருங்க?"

"நான்தாம்மா," என்றாள் விஜயராணி. "தப்பா நெனைச்சுக்காதீங்க. எழுதுறப்போ வேற பேருதான் இருந்துச்சு. சார்தான் கடைசி நேரத்துல உங்க பேரை வைக்கச் சொல்லிட்டாங்க."

ரங்காத்தாள் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, காதோடு சொன்னார்:

"அவரு எங்க கண்ணு சொன்னாரு? சரிபார்க்கறதுக்குன்னு அவரு ஊட்டுக்குக் கொண்டாந்த உங்க புஸ்தகத்தப் படிச்சுப்போட்டு, என்ற பேரை வெச்சே தீரோணும்னு ஒத்தக்கால்ல நின்னதே நானுங்க. முப்பது வருசமா நான் சொல்லி அவருக்கு ஏறாததையெல்லாம், நீங்க பக்கத்துக்குப் பக்கம் எழுதி வெச்சிருந்தீங்களே!"