உஸ் பாயின் இடது காது

ஒரே ஒரு சொல்லை முதலாகப் போட்டு முப்பது வருஷம் கடை நடத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கள்ளக்குறிச்சிக்காரர். அந்தச் சொல் ‘உஸ்ஸ்!’

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய டிவி ரிப்பேர் கடை. சொந்தப் பெயர் என்னவென்று எனக்குக் கடைசி வரை தெரியாது. போர்டில் பெயர் இருந்த இடத்தை, யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போன டிஷ் ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. ஊருக்கு அவர் உஸ் பாய்.

டிவியைத் தூக்கிக்கொண்டு குடும்பமே வரும். படம் ஓடுகிறது, பேச்சுதான் வரவில்லை என்பார் கணவர். பேச்சு வருகிறது, படம்தான் ஆடுகிறது என்பார் மனைவி. பாய் கையைத் தூக்கி ‘உஸ்ஸ்!’ என்பார். இடது காதில் எப்போதும் செருகியிருக்கும் டெஸ்டரை எடுத்து மேஜை மேல் வைப்பார். அந்தக் காதை டிவியின் முதுகில் ஒட்டவைத்து, வந்தவர்களையே பார்த்தபடி நிற்பார். அப்புறம் இரண்டு நிமிஷம் சந்தில் ஈ பறக்கக்கூடாது. எதிர் டீக்கடையில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். ஒரு தடவை கல்யாண ஊர்வலம் ஒன்று மேளதாளத்தோடு சந்துக்குள் திரும்பியது. பாய் கையைத் தூக்கினார். தவில்காரர் ஓங்கிய குச்சியோடு அப்படியே நின்றார். மாப்பிள்ளை காரின் டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார்.

காதை எடுத்ததும் தீர்ப்பு வரும். “லைன் பூட்சு. சாயங்காலம் வந்து எட்துக்கினு போ.” அந்தத் தீர்ப்பு தப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

திமிர் பிடித்தவர் என்றும் பெயர் உண்டு. அவருக்கு இடது பக்கமாக நின்று யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். தாசில்தார் கூப்பிட்டே திரும்பவில்லை என்று சந்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அதே சந்தின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் நான் வாத்தியார். முப்பது வயது, சுவரில் மூன்று சர்ட்டிபிகேட், அறையில் ஏசி. கீழே இருக்கும் டிவி மெக்கானிக்கை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. அவரும் என்னை அப்படித்தான் நினைத்தார். “டிவிக்கு டைப் அடிக்கிற மெஷின மாட்டி வுட்டா அதாம்பா கம்ப்யூட்ரு. இதுக்கு இன்னாத்துக்கு ஏசி?” என்று படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டங்கள் சூடாக இருந்த காலம். இன்று ஒரு கட்சி மறியல் என்றால் நாளை ஒரு சங்கம் மறியல். உளுந்தூர்பேட்டைக்கு டிக்கெட் எடுத்தவர்களைத் தியாகதுருகத்தில் இறக்கிவிட்டு பஸ் திரும்பி வந்துவிடும். இறங்கும் இடத்தைக் கண்டக்டர் முடிவு செய்த காலம் போய், மறியல்காரர்கள் முடிவு செய்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே இருந்த ஒரு உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியை என்னைத் தேடி வந்தார். அந்த மலையிலேயே பிறந்து, அந்த மலையிலிருந்து முதலில் பட்டம் வாங்கிய பெண்களில் ஒருவர். ஏதோ ஒரு அலுவலகத்தில் ஓய்வு கொடுத்து அனுப்பிய ஆறு கம்ப்யூட்டர்களை ஒன்றரை வருஷம் மனு எழுதி எழுதிப் பள்ளிக்கு வாங்கி வந்திருந்தார். விண்டோஸுக்குப் பதில், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்ட பழைய மெஷின்கள். திரையில் எழுத்து வந்தது. படம் மட்டும் வரவில்லை.

“ஆபீசர் வியாழக்கெழம வராரு சார். படம் வரலன்னா ஆறையும் ஏத்தி கீழ ஒரு ஸ்கூலுக்கு அனுப்பிடுவேன்னு லெட்டரே போட்டுட்டாரு. கீழ எல்லாரும் எடத்துக்காகச் சண்ட போட்டுக்கினு இருக்காங்க. எங்க புள்ளைங்களுக்கு எடம் இருக்குது சார். காலேஜ்ல போய் குந்தினா, மெஷினப் பாத்து மெரண்டு ஓடி வந்துடுதுங்க. போன வருசம் ரெண்டு பொண்ணுங்க அப்படித்தான் திரும்பி வந்து மரவள்ளிக் காட்டுல நிக்குதுங்க” என்றார்.

“இதெல்லாம் ஒரு மணி நேர வேலைங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு மலையேறினேன். மூன்று நாள் ஆயிற்று.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து லினக்ஸில் படம் வரவேண்டுமென்றால், மானிட்டர் எந்த வேகத்தில் கோடு போடும், எந்த வேகத்தில் படத்தைப் புதுப்பிக்கும் என்று ஒரு ஃபைலில் எண்களாக எழுதிக் கொடுக்கவேண்டும். அந்த எண்கள் மானிட்டரின் முதுகில் ஒரு சீட்டில் அச்சடித்திருக்கும். ஆனால் பழைய அலுவலகத்தில் நாற்காலிக்கும் பீரோவுக்கும் எண் போட்ட பெயிண்டர், மானிட்டரிலும் போடுவதற்கு வாகான இடம் தேடியிருக்கிறார். அந்தச் சீட்டு அவருக்குப் பிடித்துப்போயிருக்கிறது. ஆறு சீட்டுகளின் மேலும் வெள்ளை பெயிண்ட் அடித்து, அழகான கையெழுத்தில் சாமான் எண் எழுதியிருந்தார்.

நான் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். பெயிண்ட் வந்தது. கூடவே சீட்டும் வந்தது. ஆறிலும் அப்படியே செய்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு எங்கள் சென்டரில் இருந்த புத்தம்புது மானிட்டரின் எண்களை எழுதிக் கொடுத்து, படத்தை வரவழைக்கும் கட்டளையைத் தட்டினேன். திரை கறுத்தது. மானிட்டர் ‘வீல்’ என்று கத்தியது. ஓடிப்போய் அணைத்தேன். மூன்று நாளும் இதே கதை. புதன்கிழமை கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது டீச்சர் பஸ் செலவுக்குப் பணம் எடுத்து நீட்டினார். அதுதான் பொறுக்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு, சர்ட்டிபிகேட்டையெல்லாம் மாடியிலேயே விட்டுவிட்டு, பாய் கடைத் திண்டில் போய் உட்கார்ந்தேன்.

பாய் நடந்ததை முழுக்கக் கேட்டார். “கத்துதா?” என்றார்.

“கத்துதுங்க பாய்.”

“கத்துனா உசுரு இருக்குதுன்னு அர்த்தம். ஏறு வண்டியில.”

அன்று மலைக்குப் போகும் கச்சிராயபாளையம் ரோட்டில் மறியல், பஸ் கிடையாது. பாயின் மொபெட்தான். அவர் ஓட்ட, நான் பின்னால் டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதைப் பயணம் என்று சொல்ல மாட்டேன். இடது பக்கமாகக் கரும்பு டிராக்டர் முட்டுவது போல் வரும். “பாய், டிராக்டரு!” என்று அந்தக் காதிலேயே கத்துவேன். காதில் வாங்கவே மாட்டார். இதுவும் திமிர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரக் கிளை, அதன் பின்னால் நூறு பேர், இந்தப் பக்கம் ஒரு இன்ஸ்பெக்டர். தலைவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். கூம்பு ஸ்பீக்கரில் ‘கீஈஈ’ என்ற சத்தம் மட்டும்தான் வந்தது.

“பாய், நீங்களும் வந்து குந்துங்க. ஒங்களுக்கும் சேத்துதான் கேக்குறோம்” என்றார் ஒருவர்.

“கேளுங்கப்பா, நல்லா கேளுங்க. ஆனா இந்த மைக்குல கேட்டா ஒங்க வூட்டுக்கே கேக்காதே” என்றபடி பாய் வண்டியை ஸ்டாண்ட் போட்டார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கோஷம் வானைப் பிளந்துகொண்டிருந்தது. பாய் கையைத் தூக்கினார்.

“உஸ்ஸ்!”

நூறு பேரும் அடங்கினார்கள். டெஸ்டரை எடுத்தார், காதை வைத்தார், கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். ஒரு ஒயரைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினார். தலைவர் “அலோ” என்றதும் கோமுகி அணை வரைக்கும் கேட்டிருக்கும். கைதட்டலுக்கு நடுவே எங்கள் மொபெட்டை நாலு பேர் கிளைக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார். “காலையிலேர்ந்து தொண்ட கிழிய கத்திக்கினு இருக்கேன், ஒருத்தனும் அடங்கல. அவரு இன்னா சொன்னாரு?”

“உஸ்ஸுன்னு சொன்னாருங்க.”

அவர் அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தது உதட்டில் தெரிந்தது.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஆபீசர் வரவேண்டிய நேரமும் அதுதான், ஆனால் அவருடைய ஜீப்பைக் காணோம். டீச்சர் வாசலில் நின்றிருந்தார். பிள்ளைகள் எண்பது பேரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் ‘உஸ்ஸ்’ என்றார். எண்பது வாய் மூடின. டெஸ்டர் மேஜைக்குப் போனது. காதை மானிட்டரின் முதுகில் வைத்து என்னைப் பார்த்து, “தட்டு” என்றார்.

தட்டினேன். திரை கறுத்தது. ‘வீல்!’

“நிறுத்து, நிறுத்து. கோட்டுக்கு எவ்ளோ குடுத்துக்கிற?”

“எழுபதுங்க. புது மானிட்டருக்கு உள்ள எண்.”

“யா அல்லா! இது ரிடையர் ஆயி வந்த மெஷின்பா. ரிடையர் ஆனவர ரன்னிங் ரேஸ்ல வுட்டா கத்தாம இன்னா செய்வாரு? ஜாஸ்தி குடுக்காத, கம்மி பண்ணு.”

“எவ்ளோ கம்மிங்க பாய்? சீட்டு இல்லியே!”

“சீட்டு இன்னாத்துக்கு? டிவிக்கு எவ்ளோன்னு எனக்குத் தெரியும். பதினஞ்சரை, அதுக்கு மேல கொஞ்சம். கம்ப்யூட்ரு டப்பா எந்தக் கெழட்டு டப்பாவா இருந்தாலும் அதுல ரெட்டிப்பு ஓடும். முப்பத்தொண்ணரை போடு. படம் மாத்துறது அறுவது போடு. படமும் சின்னதாவே கேளு. பிஸ்மில்லா சொல்லித் தட்டு.”

நான் சொல்லிவிட்டுத்தான் தட்டினேன். திரை கறுத்தது. சத்தமில்லை. இன்னும் கறுப்பு. டீச்சர் புடவைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார். மானிட்டருக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம். மெதுவாகச் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம் பரவி, திரையின் நடுவில் ஒரு பெருக்கல் குறி வந்து நின்றது.

“ஐயோ, தப்பு போட்டுடுச்சே சார்!” என்று டீச்சர் பதறிவிட்டார். இருபது வருஷம் நோட்டு திருத்திய கண்ணுக்கு அது வேறு எப்படித் தெரியும்! மவுஸை நகர்த்திக் காட்டினேன். குறியும் நகர்ந்தது. அதற்குள் நீலத் திரையும் படங்களும் வரிசையாக வந்துவிட்டன. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஓடு பறந்திருக்கும். இந்தத் தடவை பாய் ‘உஸ்’ சொல்லவில்லை.

ஆறாவது மெஷினையும் முடித்தபோது மணி இரண்டு. இரண்டரைக்குத்தான் ஆபீசர் வந்தார், வியர்த்து விறுவிறுத்து. “எவனோ ஒரு பாய் மைக்க ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டு பூட்டானாம். நாலு பேர் பேச வேண்டிய எடத்துல பதினாலு பேர் பேசுறாங்க. மூணு மணி நேரம் ஜீப்புலயே வெந்துட்டேன்” என்றார். பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த பாய், “ச்சோ, ச்சோ” என்றார். ஆறு திரையிலும் படம் ஓடுவதை ஆபீசர் பார்த்தார். மெஷின்கள் இங்கேயே இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீச்சர் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு திரும்பி நின்றுகொண்டார். அழுவதை ஆபீசர் பார்க்கக்கூடாதாம்.

கிளம்பும்போது டீச்சர், “ரொம்ப நன்றிங்க பாய்” என்றார். பாய் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னார். ம்ஹூம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. டீச்சர் சுற்றிக்கொண்டு போய் அவருடைய வலது பக்கம் நின்று சொன்னார். பாய் உடனே முகமெல்லாம் சிரிப்பாக, “இருக்கட்டும்மா, இருக்கட்டும்” என்றார்.

டீச்சர் என்னிடம் வந்து, “ஒங்க பாய்க்கு எடது காது கேக்காது சார், தெரியாதா? எங்க கிளாஸ்ல அப்படி ரெண்டு புள்ளைங்க இருக்குது. எந்தப் பக்கம் குந்த வக்கணும்னு எனக்குத் தெரியும்” என்றார்.

மலையிலிருந்து இறங்கினோம். அடிவாரத்து டீக்கடையில், ஞாபகமாக வலது பக்கம் உட்கார்ந்து கேட்டேன். “பாய், அந்தக் காது கேக்காதாமே?”

“கேக்காதுதான். ஒரு டிவி டியூப்பு காது கிட்டவே வெடிச்சிடுச்சு. கடை போட்ட புதுசுல.”

“அப்ப இன்னாத்துக்கு அத போய் வச்சீங்க?”

“நல்ல காத வச்சி கெடுத்துக்கச் சொல்றியா?”

“மானிட்டருக்கு இன்னா கோளாறுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நீ மூஞ்ச சுளிச்சியே, அதுல தெரிஞ்சுது. சனங்க மூஞ்சியப் பாத்தே சொல்லிடலாம்பா, சத்தமா, கோடா, பொகையான்னு. ஆனா பேசிக்கினே இருந்தா மூஞ்சி சரியா தெரியாது.”

“அப்ப இத்தன வருசமா ஊரையே ஏமாத்தினீங்களா?”

“ஏமாத்தலப்பா. வாய மூட வச்சேன்” என்று சொல்லி, டெஸ்டரை அந்தக் காதிலேயே செருகிக்கொண்டார். ஊருக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து மறுபடி அந்தப் பள்ளிக்குப் போனேன். கம்ப்யூட்டர் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் மெஷினைப் போடுவதற்கு முன்னால் கையைத் தூக்கி ‘உஸ்ஸ்’ என்றது. காதை மானிட்டரின் முதுகில் ஒட்டவைத்தது. அப்புறம்தான் ஸ்விட்சைத் தொட்டது. “எவ்ளோ சொன்னாலும் கேக்கல சார். அப்பதான் படம் வருமாம்” என்றார் டீச்சர். அந்த இரண்டு பெண்களும் மறுபடி காலேஜுக்குப் போய்விட்டார்கள் என்றும் சொன்னார்.

ஊருக்கு வந்து பாயிடம் சொன்னேன். அவர் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டார்.

“எந்தக் காத வக்கிறாங்க?”

“எடது காதுதாங்க பாய்.”

வெகு நேரம் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதுங்களுக்கு ரெண்டும் கேக்கும் இல்ல? போதும் போ” என்றார்.

பாய் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது, அதனால் சத்தியத்தை மீறியதற்கு மன்னிப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அதை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் என் கம்ப்யூட்டர் திரை ஒரு தடவை கறுத்துவிட்டது. வீட்டில் எல்லாரையும் ‘உஸ்ஸ்’ என்று அடக்கிவிட்டு, குனிந்து இடது காதை வைத்தேன். படம் திரும்பி வந்த பிறகும் கொஞ்ச நேரம் காதை எடுக்கவில்லை.