கொரியா சார் கலைத்த பந்தி

ராமநாதபுரம் ஜில்லாவில் குளிரால் கெட்டுப்போன ஒரே மனிதர் எங்கள் கொரியா சார்தான். வெயிலால் கெட்டவர்கள் ஏராளம். அவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடலோரத்தில் நான் கணக்கு ஆசிரியராக இருந்த உயர்நிலைப் பள்ளிக்கு, ஐம்பதுகளின் நடுவில், அவர் தற்காலிகப் பாட்டு வாத்தியாராக வந்து சேர்ந்தார். ஊர் அபிராமம். கொரியாவில் சண்டை நடந்தபோது காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்ட நம் நாட்டிலிருந்து போன பட்டாளத்தில் இவரும் ஸ்ட்ரெச்சர் தூக்கப் போனார். போன இடத்தில் ஓய்வு நேரத்தில் கிளாரினெட் ஊதியிருக்கிறார். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர இவரை இரவல் கேட்டிருக்கிறார்கள். பட்டாளமும் தாராளமாகக் கொடுத்திருக்கிறது. ஊதுவதை நிறுத்தினால் போதும் என்று கொடுத்திருக்கலாம்.

அங்கே அவர் பாடம் நடத்தியது பதினொரு மாதம். பேச்சைக் கேட்டால் அந்த நாட்டுக்கு ச-ரி-க-ம-வை இவர்தான் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார் என்று தோன்றும். அவர் சொல்வதை நான் அன்றன்று குறித்து வைப்பேன். முதல் தடவை சொன்னபோது கொரியாவில் பனி முழங்கால் வரை இருந்தது. பொங்கலுக்கு இடுப்பு வரை ஏறியது. ஆண்டு விழாவில் கழுத்தைத் தொட்டது. கோடை விடுமுறை குறுக்கிட்டிருக்காவிட்டால் ஆளே மூழ்கியிருப்பார்.

"போன தடவை முழங்கால்னுதானே சார் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அது காலையில. சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுச்சே."

போன நாட்டுப் பழக்கத்தைப் போன நாட்டிலேயே விட்டுவிட்டு வருவதுதான் உலக வழக்கம். கொரியா சார் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். யாரைப் பார்த்தாலும் முதலில் வயதைக் கேட்பார். வயது தெரியாமல் அந்த ஊரில் வாயைத் திறக்க முடியாதாம். யார் பெரியவர் என்று தெரிந்தால்தான் எப்படிப் பேசுவது என்பதே முடிவாகுமாம். நான் அவரைவிட மூன்று வயது இளையவன் என்று நிரூபணமான நாளிலிருந்து என் பாடு திண்டாட்டம்.

"பேனாவ ரெண்டு கையால குடுங்க சார். நீங்க சின்னவரு."

"ஒரு கையில சாக்பீஸ் இருக்கு சார்."

"அதக் கீழ வைங்க. பெரியவங்க காத்திருப்போம்."

அடுத்தது டீ. அங்கே ஒருவர் தம் டம்ளரில் தாமே ஊற்றிக்கொள்ளக் கூடாதாம். பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டும். கடையிலிருந்து கூஜாவில் டீ வந்ததும் கொரியா சார் எழுந்து எங்கள் ஒவ்வொருவருக்கும் குனிந்து ஊற்றிவிட்டு, தம் காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்து நாற்காலி சயின்ஸ் மாஸ்டருடையது. அவர் ஆப்பநாட்டுப் பிடிவாதக்காரர்.

"கை இருக்குல்ல? ஊத்திக் குடிங்க," என்பார்.

"பழக்கமில்ல சார்," என்பார் இவர்.

நாலு நாள் இப்படிப் போயிற்று. கொரியா சாரின் பங்கை உடற்பயிற்சி ஆசிரியர் குடித்தார். ஐந்தாம் நாள் சயின்ஸ் மாஸ்டர் கூஜாவைப் பிடுங்கி, "இந்தாங்க, குடிச்சுத் தொலைங்க," என்று ஊற்றினார். கொரியா சார் டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கித் தலைகுனிந்தார். சயின்ஸ் மாஸ்டரின் முகத்தில் அன்று ஒரு சிரிப்பு தோன்றியதைக் கண்டேன். அவர் மறுப்பார்.

முட்டைக்கோஸ் விவகாரம் தனி. கொரியாவில் கோஸை மிளகாயும் மீனும் போட்டுப் பானையில் அடைத்து, மண்ணில் புதைத்து வைத்துக் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுவார்களாம். அதற்குக் கிம்ச்சி என்று பேர். மதுரையிலிருந்து இரண்டு கோஸ் வரவழைத்து, கருவாட்டைக் கலந்து, எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் மணலில் புதைத்தார். அங்கே பனி, இங்கே சித்திரை மாதம். இந்தச் சிறு வித்தியாசத்தை அவர் பொருட்படுத்தவில்லை. ஒன்பதாம் நாள் பானை வெடித்தது. கருவாட்டு வாடையிலேயே பிறந்து வளர்ந்த ஊர் அன்று மூக்கைப் பொத்திக்கொண்டது. சுகாதார ஆய்வாளர் வந்து, இங்கே யாராவது காணாமல் போயிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

விருந்து முடிந்தால் ஒவ்வொருவரும் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்பதும் அந்த ஊர்ச் சட்டம். சயின்ஸ் மாஸ்டர் மகளின் காதுகுத்தில் இவர் எழுந்து, தாய்மாமனைப் பாடச் சொல்லிவிட்டார். தாய்மாமன் உப்பளக் கங்காணி. மீசை மட்டும் தனியாக வண்டியில் வர வேண்டிய அளவு.

"ஏலே, யார்ரா இவன்? நான் கெடா வெட்ட வந்தேன், பாடவா வந்தேன்?"

"ஒண்ணே ஒண்ணுண்ணே. ஒங்களுக்குத் தெரிஞ்சது."

அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது ஒப்பாரி. முழுவதும் பாடினார். குரல் நன்றாகவே இருந்தது.

இத்தனைக்கும் மேல், மனிதருக்குப் பாட்டுச் சொல்லித்தரத் தெரியும். தொண்டையில் உப்புக்காற்று ஏறிய எங்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரே குரலாகப் பாட வைத்தார். வேலை நிரந்தரமானால் அபிராமத்திலிருந்து மனைவியையும் இரண்டு மகள்களையும் அழைத்துவந்துவிடலாம் என்று, தெற்குத் தெருவில் ஒரு வீடும் பார்த்து வைத்திருந்தார். நிரந்தரமாக வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் தம் அறிக்கையில் நல்லதாக ஒரு வரி எழுத வேண்டும். இன்ஸ்பெக்டர் வரும் நாளும் வந்தது.

காலையில் தலைமையாசிரியர் அவரைத் தனியே அழைத்தார். "இன்னைக்கு ஒரு நாள் கொரியாவ மறந்துருங்க. ஒங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"மறந்துட்டேன் சார்."

பன்னிரண்டரை மணிவரை மறந்திருந்தார். பிள்ளைகள் பாடினார்கள். இன்ஸ்பெக்டர் விரலால் தாளம் போட்டார். இரண்டாம் பாட்டுக்குக் கண்ணை மூடினார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தெற்குத் தெரு வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லலாம் என்று நானும் நினைத்தேன்.

பிறகு சாப்பாடு. தாளாளர் மரைக்காயர் வீட்டிலிருந்து நெய்ச்சோறும் சீலா மீன் வறுவலும் வந்திருந்தன. வரிசையாக இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்தோம். பியூன் பீர் காக்கா பரிமாறினார். அந்தக் கடலோரத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. எந்த விருந்தானாலும் அவர் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைக் கிணற்றடியில் உட்கார்ந்து சாப்பிடுவார். பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். அதில் ஏதோ கோளாறு இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

இன்ஸ்பெக்டர் மீனை நோக்கிக் கையை நீட்டினார்.

"சார், ஒரு நிமிசம்," என்றார் கொரியா சார். "உங்களுக்கு என்ன வயசு?"

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாற்பத்தெட்டு. எதற்கு?"

"எங்க ஹெட்மாஸ்டருக்கு அம்பத்திரண்டு. காக்கா, உங்களுக்கு?"

காக்கா சோற்று வாளியோடு நின்றார். "அறுவதுக்கு மேல இருக்கும் தம்பி. எளுதி வைக்கல."

கொரியா சார் எழுந்தார். வாளியை வாங்கிக் கீழே வைத்தார். தம் இலையைக் காட்டி, "உக்காருங்க. நீங்க கை வச்சாத்தான் மத்தவங்க கை வைக்கணும்," என்றார்.

"வேணாந் தம்பி," என்றார் காக்கா, தணிந்த குரலில். "ஒங்க வேலை போயிரும்."

"போனாப் பாத்துக்கிறலாம். சோறு ஆறுது."

இன்ஸ்பெக்டரின் கை இலைக்கு மேலேயே நின்றது. "இது என்ன வழக்கம்?" என்று கேட்டார்.

"நான் வாத்தியாரா இருந்த ஊர்ல பாத்தது சார். சண்டைக் காலம், அங்கன சோறே கெடையாது. ஒரு சட்டிச் சோத்தச் சுத்திப் பதினாலு வாத்தியாருக. வாசக் கூட்டுற கெழவன் மொதல்ல கரண்டிய எடுத்தாத்தான் நாங்க எடுப்போம். அந்த ஊரு ஹெட்மாஸ்டரும் பசியோடதான் ஒக்காந்திருப்பாரு."

இதை அவர் எங்களிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பனியைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்.

காக்கா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பிஸ்மில்லா சொல்லி, மீனில் நகக்கண் அளவு கிள்ளி வாயில் போட்டார். இன்ஸ்பெக்டர் கையை நீட்டியதிலிருந்து கடிகாரத்தின்படி நாலு நிமிடம் ஆகியிருந்தது. கொரியா சார் வாளியை எடுத்துக்கொண்டு பரிமாறத் தொடங்கினார். இன்ஸ்பெக்டர் சாப்பிட்டார். மறுசோறு கேட்கவில்லை.

அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது. "இசைப் பயிற்சி மெச்சத்தக்கது. எனினும் இப்பதவி இன்றியமையாததன்று." எங்கள் கல்வி இலாகா மெச்சிக்கொண்டே கழுத்தை அறுக்கக் கற்றிருந்தது.

கொரியா சார் ஊருக்குப் போனார். ஆசிரியர் அறை அமைதியானது. யாரும் யாருடைய வயதையும் கேட்கவில்லை. நான் பேனாவை ஒற்றைக் கையால் கொடுத்தேன். யாரும் தடுக்காததால் சங்கடமாக இருந்தது.

மறு வருடம் வேறொரு இன்ஸ்பெக்டர் வந்தார். அதே நெய்ச்சோறு. தலைமையாசிரியர் யாரிடமும் கேட்காமல் முதல் இலையில் காக்காவை உட்கார வைத்தார். இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார்.

"இங்கன இதுதான் பழக்கம் சார்," என்றார் தலைமையாசிரியர்.

இவர் நல்ல மாதிரி. சிரித்துவிட்டுக் காத்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும், "பள்ளிக்குக் குறை ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அறிவியல் கூடத்துக்குக் கூரை இல்லை. எட்டாம் வகுப்புக்குப் பெஞ்சு இல்லை. பட்டியல் எழுதியவன் நான்தான். இருபத்து மூன்று இனங்கள்.

சயின்ஸ் மாஸ்டர் முந்திக்கொண்டார். "ஒரு பாட்டு வாத்தியார் வேணும் சார்."

"ஆள் கிடைக்க வேண்டுமே," என்றார் இன்ஸ்பெக்டர்.

பட்டியலை மடித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து அபிராமத்து விலாசத்தை எடுத்து நீட்டினேன். காலையில் கிளம்பும்போதே எழுதி வைத்திருந்தேன்.