ஏலத்தில் போன கற்றாழை

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

அன்புள்ள தங்கச்சி ஞானபாய்க்கு, அக்காள் தேவமணி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், உன் அத்தானுடைய முழங்கால் நீங்கலாக. நாசரேத்தில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியிலேயே "குக்கர் விசில் அடிக்கி" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தன்று கோயில் வளாகத்தில் இருந்தவர்கள்: முன்வரிசை நாற்காலியில் உன் அத்தான் எஸ்றா. கடைசியில் வேப்பமரத்தடியில் என் மகன் ஜாபேஸ், கையில் போன். மேடையில் மைக்கைப் பிடித்து ஏலம் போட்ட கிளைட்டன். பெண்கள் பக்கம் நான். எனக்கு நேர் பின்னால் எதிர்வீட்டு ரேச்சல், கத்தரிப்பூ நிறச் சேலை. அந்தப் பக்கம் அசனப் பந்தியில் நீ. ஏலம் முடிகிறவரை நீ இலையை விட்டு எழுந்திருக்கவில்லை, ஆகையால் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

நீ குட்டியாகக் கொடுத்த கற்றாழைதான் விஷயம். "உப்புக் காத்துல ஒனக்கு எங்க வளரப் போவுது" என்று சொல்லித்தான் கொடுத்தாய், அன்றைக்கு நீ பச்சை ரவிக்கை போட்டிருந்தாய். நான் உங்கள் ஊர்த் தேரிச் செம்மணலை மூட்டை கட்டி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து, அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் நட்டு, இங்கே போர் தண்ணீர் உப்பு என்பதால் குடிதண்ணீரிலேயே கொஞ்சம், அதுவும் மணலுக்குள் விரலை விட்டால் ஈரம் தட்டாத நாளில் மட்டும் ஊற்றி வளர்த்தேன். மடல் ஒவ்வொன்றும் என் முழங்கை மொத்தம். பூத்தண்டே விட்டது. இந்த வருஷம் பண்டிகைக்குக் கொடுக்கலாம் என்றிருந்த முருங்கை காற்றில் ஒடிந்தது, கோழியை நாய் தூக்கிவிட்டது. ரேச்சல் வாழைத்தாரோடு போகும்போது நான் வெறுங்கையோடு போவேனா? கோயில் காணிக்கையாகத் தொட்டியைக் கொடுத்தேன். கொடுத்ததை நம் ஆளே ஏலத்தில் எடுத்துக்கொள்வது எல்லாரும் செய்கிறதுதானே. ஜாபேஸிடம், "எவ்வளவு போனாலும் விடாதல" என்றேன். அவன் போனிலிருந்து தலையைத் தூக்க மாட்டானே என்று உன் அத்தானிடமும் சொன்னேன். ஒருத்தரிடம் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்லவில்லை. சொன்னால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு பேரும் சும்மா இருந்துவிடுவார்கள்.

அன்றைக்குப் பார்த்து இரண்டு பேரும் விழித்திருந்தார்கள். நடுவில் ஸ்பீக்கர் பெட்டி, ஒருவரை ஒருவர் தெரியாது. கிளைட்டனுக்குக் கொண்டாட்டம். "முன்னால அண்ணாச்சி கேக்காங்க! பின்னால ஒரு அண்ணன் கூடக் கேக்காரு!" விலை ஆட்டுக்கிடாயைத் தாண்டிவிட்டது. "எவம்ல அவன், கத்தாழைக்கு இப்படிப் பறக்கான்?" என்று உன் அத்தான் எழுந்துவிட்டார். நான் அவரைப் பார்த்து, போதும் என்று கையை ஆட்டினேன். மகனும் பார்த்தான். இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து என் பின்னாலிருந்து ரேச்சல் கை தூக்கினாள். கேளுங்கள், கேளுங்கள் என்று மறுபடி கையை ஆட்டினேன். அதையும் போதும் என்றே எடுத்துக்கொண்டார்கள். செடி போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் என் பாடு. என் ஜன்னலுக்கு நேரே அவள் வராந்தாவில் தொட்டி. தினமும் காலையில் மீன் கழுவின தண்ணீரை அதில் ஊற்றுகிறாள்! தெருப் பூனையெல்லாம் அங்கேதான் குடியிருப்பு. அடிமடல் பழுப்பாகிக் கொழகொழவென்று தொங்கிற்று. நான் ஜன்னலைச் சாத்தினேன், திறந்தும் பார்த்தேன். அவள் வீட்டுப் படி நான் ஏறுவதில்லை என்று உனக்குத் தெரியும். ஜாபேஸ் ஞானஸ்நானச் சமயத்தில் என்னிடம் இரவல் வாங்கிப்போன இடியாப்ப உரலை ஒரு கைப்பிடி இல்லாமல் திருப்பித் தந்தவள். ஆகவே உன் அத்தானை அனுப்பினேன். மீசையில் அவள் தின்னக் கொடுத்த மக்ரூன் தூளோடு வந்தார்.

"சொன்னியளா?"

"நல்லா இருந்துச்சி" என்றார்.

ஒருநாள் நடுமடலும் சாய்ந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். கத்தி செடிக்குத்தான், தெருவில் அப்படி நினைக்கவில்லை.

"எக்கா, கத்தியோட வாரிய?"

"ஏளா, தண்ணி ஊத்தியே கொன்னுட்டியே. தள்ளு."

தொட்டியைக் கவிழ்த்தேன். வேர் அழுகி நாறிற்று. வெள்ளை தெரிகிறவரை அடியை வெட்டினேன். ரேச்சல் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பனும் மவனும் மோதிக்கிட்டு நிக்காவ, சபையே சிரிக்கி, அதாம் நான் கையத் தூக்குனேன். சாயங்காலம் வந்து கேப்பியன்னு பாத்தேன். நீங்க சன்னல அடச்சிட்டிய" என்றாள்.

"நீ கொண்டாந்து தந்தா என்ன?"

"தந்தா, பெரிய இவன்னு சொல்லுவிய."

சொல்லித்தான் இருப்பேன்.

வெட்டின தண்டை, வெட்டுவாய் காய்ந்து மூடுகிறவரை நிழலில் போட்டு, அப்புறம் காய்ந்த தேரி மணலில் தண்ணீர் காட்டாமல் நட்டோம். பிடித்துக்கொண்டது! இப்போது சுற்றிலும் குட்டிகள். தாய்ச்செடி என்னிடம், ஒரு குட்டி அவளிடம். உரல் கைப்பிடியையும் தேடி எடுத்துத் தந்துவிட்டாள். மனசு நிறைவாக இருக்கிறது, ஞானபாய். இருக்கிறதில் நல்ல குட்டியை உனக்கென்று தனியாக வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வா, வரும்போது ஒரு மூட்டை தேரி மணல் கொண்டு வா. கர்த்தர் உன்னையும் உன் வாசலையும் காப்பாராக. அத்தானும் ஜாபேஸும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அக்காள் தேவமணி.

பி.கு.: உறையை ஒட்டும்போது ரேச்சல் வந்தாள். உன் பெயரைப் பார்த்துவிட்டு, "இந்த அக்காதான அன்னைக்கி ஏலம் முடிஞ்சி நான் சாப்புட உக்காந்தப்ப, கத்தாழைக்குத் தெனமும் மீன் கழுவுன தண்ணி ஊத்து, எங்க வீட்ல அப்படித்தான் ஊத்துதேன்னு சொன்னாவ" என்கிறாள். உன் வீட்டுச் செடி பின்வாசலில் ஆள் உயரம் நிற்கிறது என்கிறாயே, நான் வரும்போதெல்லாம் அந்தப் பின்வாசல் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று இப்போதுதான் விளங்குகிறது. மணல் வேண்டாம். உன் குட்டியையும் ரேச்சலுக்கே கொடுத்துவிட்டேன். உன் அத்தானை மன்னித்தேன், ஜாபேஸை மன்னித்தேன், மைக்கில் கத்தின கிளைட்டனை மன்னித்தேன், ரேச்சலை உரலோடு சேர்த்து மன்னித்தேன். மன்னிக்காதது ஒரே ஒரு ஆளை, நாசரேத் ஞானபாயை.