கோழிச்சாமியும் மூன்று தட்டுகளும்

கோழிச்சாமியின் கூடாரத்துக்கு முன்னால் விடியும்போதே வரிசை நின்றுவிடும். ஆளுக்கொரு கேன். சிலர் கையோடு நோயாளியையும் கூட்டி வந்திருப்பார்கள். அதாவது, கூடைக்குள் கழுத்தைத் தொங்கப்போட்டிருக்கும் கோழியை. சாமி நீல டிரம்முக்குள் கையை விட்டு ஏதோ முணுமுணுப்பார். அந்தத் தண்ணீரைக் குடித்த கோழி மறுநாளே எழுந்து தீவனத்துக்குச் சண்டை போடும். கோழிக்குக் கேட்பது மனுஷனுக்குக் கேட்காதா என்று பக்தர்களும் வயிற்றுவலிக்கு ஒரு மடக்குக் குடித்தார்கள். ஏன் கசக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, மந்திரம் காரமானது என்றாராம் சாமி. காரமானது எப்படிக் கசக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

வரிசையில் முதல் ஆள் பெரும்பாலும் ஊர்க் கோழிப் பண்ணைக்காரர்தான். அவர் கொட்டகையில் நோய் வந்தாலும் வராவிட்டாலும் கோழிகளுக்குத் தினமும் மந்திரத் தண்ணீர். இது பண்ணையா, மடமா என்று மனைவி கேலி செய்வாள்.

அந்த மனைவிதான் படுத்துவிட்டாள். காய்ச்சல், நிற்காத பேதி. ஆஸ்பத்திரியில் கொடுத்தது வழக்கமாகச் சட்டென்று கேட்கும் மருந்து. அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. பண்ணைக்காரர் நர்ஸ் அசந்த நேரத்தில் மந்திரத் தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தார். அதுவும் கேட்கவில்லை. அவள் துணியாய்த் துவண்டு கிடந்தாள்.

மனைவியின் தங்கைக்கு அதே ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. நோயாளியின் கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பவள். அக்காவின் கிருமி அந்த மருந்தைச் சட்டையே செய்யாமல் செழித்திருந்தது. கோழிகளுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று வராந்தாவுக்கு வந்து கேட்டாள்.

"மருந்தே கிடையாதும்மா. எல்லாம் சாமி தண்ணிதான்," என்றார் பண்ணைக்காரர், அந்த நிலையிலும் பெருமையாக.

"அதுல எனக்குக் கொஞ்சம் வேணும் மாமா. குடிக்க இல்ல."

இருவரும் கூடாரத்துக்குப் போனார்கள். அவள் ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர் கொண்டுபோய், அதற்கும் மந்திரம் ஓதித்தரச் சொன்னாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் சாமியால் மறுக்க முடியவில்லை; வழக்கத்தைவிட நீளமாகவே ஓதினார். மூடி போட்ட மூன்று தட்டுகளை அவள் எல்லோருக்கும் காட்டினாள். ஒன்றில் சாதாரணக் கிருமி, ஒன்றில் பண்ணைக் கோழியின் எச்சத்திலிருந்து எடுத்தது, ஒன்றில் அக்காவுடையது. ஒவ்வொன்றிலும் டிரம் தண்ணீரில் நனைத்த காகிதத் துண்டு ஒன்று, ஓதிய குழாய்த் தண்ணீரில் நனைத்தது ஒன்று. எதற்குச் சக்தி இருக்கிறதோ அதைச் சுற்றிக் கிருமி வளராது என்றாள். தட்டுகளை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சாமியிடமே கொடுத்தாள்.

மறுநாள் ஊரே கூடியது. முதல் தட்டில் டிரம் தண்ணீரைச் சுற்றி மட்டும் துடைத்தாற்போல் ஒரு வட்டம். குழாய்த் தண்ணீர்க் காகிதத்தை ஒட்டியே கிருமி மண்டிக்கிடந்தது.

"மந்திரம் ரெண்டுலயும் இருக்கு. ஒண்ணுதான் கொல்லுது. அப்ப கொன்னது மந்திரமில்ல, டிரம்முல கரைச்சது," என்றாள் தங்கை.

கூட்டம் கூடாரத்தின் பின்பக்கம் பாய்ந்தது. அங்கே மூட்டை மூட்டையாக மருந்துப் பொடி. மேலே எழுதியிருந்த பெயரைப் பண்ணைக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். மனைவிக்குக் கேட்காமல் போன அதே மருந்து.

மற்ற இரண்டு தட்டுகளில் எந்தத் தண்ணீருக்கும் வட்டமே இல்லை. அந்தக் கிருமிகளுக்கு நம்பிக்கை போதாது என்று முனகினார் சாமி.

"இல்ல சாமி, அதுங்க உங்க பக்தருங்கதான். தினம் உங்க மருந்துல சாகுறதெல்லாம் செத்துப்போச்சு. சாகாததுதான் பெருகி, கறி நறுக்கின பலகை வழியா எங்கக்கா வயித்துக்கு வந்திருக்கு."

பண்ணைக்காரர் கேனை அப்படியே கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தன் கொட்டகையில், தன் கையால் ஊற்றி வளர்த்த கிருமி.

வேறொரு ஊசி மருந்தால் மனைவி பிழைத்து வீட்டுக்கு வந்தாள். அந்த மருந்தையும் கோழிக்கு ஊற்றிக் கெடுத்துவிடாதீர்கள் என்றுதான் டாக்டர் வழியனுப்பினார். கோழிச்சாமியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப் தெருமுனை திரும்புவதற்குள், பக்கத்து ஊரில் மந்திரப் பொடி தருகிற ஒருவர் இருப்பதாக வரிசையில் பேச்சு கிளம்பிவிட்டது.

கிருமிக்கு மூளை கிடையாது. அதுவே தன்னைக் கொல்ல வந்ததை எதிர்த்து நிற்கப் பழகிக்கொண்டது. மூளை உள்ள நாம் எப்போது பழகப்போகிறோம்?