ஈடுகட்டியின் நீல வாளி

தவறு செய்பவர்களால் உலகத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. செய்வார்கள், நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். செய்த தவறை அங்கேயே, அதே பாத்திரத்திலேயே சரிக்கட்ட முனைபவர் இருக்கிறாரே, அவரைப் பார்த்தால்தான் ஓட வேண்டும். இந்த இனத்துக்கு ஈடுகட்டி என்று பெயர்.

மேசைக்கு ஒரு கால் குட்டையென்றால் மற்ற மூன்றையும் அறுத்து, அதில் ஒன்று கூடுதலாக அறுபட்டதால் மறுபடி மூன்றை அறுத்து, கடைசியில் அதை மணையாகப் போட்டு உட்கார்ந்திருப்பவர் இவர்தான். தேநீரில் சர்க்கரை கூடினால் பால் விடுவார். பால் கூடினால் தூள் போடுவார். கசந்தால் மறுபடி சர்க்கரை.

"யாருக்குங்க இவ்வளவு டீ?" என்பார் மனைவி.

"எதிர் வீட்டுக்காரங்களையும் கூப்பிடேன்!"

நம் ஈடுகட்டி ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். போதாத காலம், அவர் மனைவியின் தங்கை அங்கேயே ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தாள். படாத பாடு பட்டு ஒரு நீலச் சாயம் தயாரித்து, குளிர்பெட்டியில் வைத்துக் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தாள். மொத்தமே ஒரு சின்னக் குப்பி. அதில் கொஞ்சத்தை நீர்க்கக் கரைத்து, ஊடே ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு ஒளியைச் சாயம் விழுங்குகிறது என்று கருவியில் அளந்து, மறுநாள் காலையில் பேராசிரியரிடம் காட்டியாக வேண்டும். தவறினால் பட்டம் அடுத்த வருஷம்தான்.

"மாமா, இந்தக் குடுவையில சாயம் விட்டிருக்கேன். கழுத்துல இருக்கிற கோடு வரைக்கும் தண்ணி ஊத்துங்க, போதும். கோட்டைத் தாண்டிட்டா கொட்டிட்டுத் திரும்ப ஆரம்பிக்கலாம். குப்பியில மிச்சம் இருக்கு."

"இதெல்லாம் எனக்குச் சொல்லணுமாம்மா?"

அவள் கருவியைப் போட்டுச் சூடேற்ற அடுத்த அறைக்குப் போனாள். ஈடுகட்டி முழங்காலை மடக்கி, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டார். கோட்டைத் தொடும் நேரத்தில் ஒரு தும்மல் வந்தது. ஒரு சொட்டு அதிகம்.

கொட்டினாரா? அந்தப் பெண் உயிரைக் கொடுத்துச் செய்த சாயத்தை, கேவலம் ஒரு சொட்டுத் தண்ணீருக்காகத் கழுவுதொட்டியில் விட மனம் வருமா? தண்ணீர் ஒரு சொட்டுக் கூடினால் சாயமும் ஒரு சொட்டுக் கூடட்டுமே என்று குப்பியைச் சாய்த்தார். குப்பி ஒரு சொட்டோடு நிற்கவில்லை. கரைசல் கன்னங்கரேலென்று ஆனது. தண்ணீர் விட்டார், வழிந்தது, பெரிய குடுவைக்கு மாற்றினார், வெளுத்தது, சாயம் விட்டார், இருண்டது, தண்ணீர் விட்டார், ஜாடிக்கு மாற்றினார், ஜாடியும் போதாமல் தரை துடைக்கும் வாளியை எடுத்தார். கழுவித்தான் எடுத்தார். அந்த நேர்மை அவரிடம் உண்டு.

அவள் திரும்பி வந்தபோது குப்பி காலி. வாளி நிறைந்திருந்தது.

"மாமா... என் சாயம் எங்க?"

"வாளியிலதாம்மா இருக்கு. முழுசா இருக்கு. ஒரு சொட்டுகூட வீணாக்கல."

அவள் அதில் கொஞ்சம் எடுத்துப் போய்க் கருவியில் வைத்தாள். கிட்டத்தட்ட வெறும் தண்ணீர் என்றது கருவி. வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. பெற்ற மகளைப் போலத்தான் ஈடுகட்டி அவளை நினைத்திருந்தார். மெல்ல எழுந்து அவள் வாளியைத் தொட்டிப் பக்கம் தூக்கினாள். பாய்ந்து பிடித்தார்.

"கொட்டாதேம்மா! அடுப்புல வச்சுக் காய்ச்சினா தண்ணியெல்லாம் ஆவியாப் போயிடும். சாயம் நின்னுடும்."

"சூடு பட்டா இந்தச் சாயமே செத்துடும் மாமா. அதனாலதானே குளிர்பெட்டியில வச்சிருந்தேன்?"

ஈடுகட்டி ஒரு கணம் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அவ்வளவுதானே? ஐஸ் போட்டுக் காய்ச்சுவோம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வாளி நிறைந்திருந்தது என்று படித்த உடனே, 'அடடா, காய்ச்சி வற்ற விட்டால் சாயம் திரும்பக் கிடைத்துவிடுமே' என்று உங்களுக்கும் தோன்றியதா இல்லையா? குளிர்பெட்டியைப் பற்றி அப்போதே சொல்லியாயிற்றே! போகட்டும், வாருங்கள். வாளி கனமாக இருக்கிறது. அந்தப் பக்கம் பிடிக்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும்.